ஸ்டேஜ் நாலு என்றால் ஆபரேஷன் கிடையாதா? குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுநோய் பற்றி

கேள்வி சுருக்கமாக இது: "அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடலின் இடப்பக்கக் கடைசிப் பகுதியில் இருந்த கட்டியை மூன்று வாரம் முன்பு எடுத்தார்கள். ஈரலில் நான்கு இடங்களில் பரவியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று, பெரியது 3.5 செ.மீ. ஒரு டாக்டர் 'ஸ்டேஜ் நாலு, இனி கீமோ மட்டும்தான்' என்கிறார். இன்னொருவர் 'ஈரலிலும் ஆபரேஷன் செய்யலாம்' என்கிறார். வீட்டில் பெரியவர்கள் 'கத்தி பட்டால் இன்னும் பரவும்' என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

நான் சர்ஜன் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஈரல் ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்த மயக்க மருந்து டாக்டர். படத்தைப் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்கு இன்னதுதான் செய்ய வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் "ஸ்டேஜ் நாலு, ஆகவே ஆபரேஷன் இல்லை" என்பதில் அந்த "ஆகவே" இருக்கிறதே, அது குடல் புற்றுநோயில் செல்லாது. நான்கு கட்டி, பெரியது மூன்றரை சென்டிமீட்டர், வேறெங்கும் பரவவில்லை என்றால், ஈரல் ஆபரேஷனையே தொழிலாகச் செய்யும் ஒரு சர்ஜன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடியும், முடியாது என்று சொல்ல வேண்டும். முதல் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: "இந்த ஸ்கேனை ஈரல் சர்ஜன் யாராவது பார்த்தாங்களா சார்?"

ஸ்டேஜ் நாலு என்ற வார்த்தையைக் கேட்டதும் ஈரக்குலை நடுங்கிப்போகும். நியாயம்தான். பல புற்றுநோய்களில் ரத்தம் வழியாக இன்னொரு உறுப்புக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் வெட்டி எடுப்பதில் பெரிய பயன் இருக்காது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தை எடுத்தாலும் தெரியாத இடங்கள் பத்து இருக்கும். குடல் புற்றுநோய் இதில் ஒரு விதிவிலக்கு. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாயில் சேர்ந்து முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. சாப்பாட்டில் வந்த சத்தையும் விஷத்தையும் பிரித்துப் பார்க்கும் சோதனைச்சாவடி அது. குடல் கட்டியிலிருந்து உதிரும் செல்களும் அங்கேதான் முதலில் மாட்டுகின்றன. சிலருக்கு அங்கேயே நின்றும் விடுகின்றன. நுரையீரல், வயிற்று உறை எல்லாம் சுத்தமாக இருக்க, ஈரலில் மட்டும் மூன்று நான்கு கட்டி. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கட்டிகளை முழுசாக எடுத்துவிட்டால் ஒரு பகுதியினர் உண்மையிலேயே குணமாகிறார்கள்.

எவ்வளவு பேர்? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1985க்கும் 1994க்கும் நடுவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 612 பேரைப் பின்தொடர்ந்து 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 102 பேர். ஆறில் ஒருவர். இன்றைய கீமோ மருந்துகளில் பாதி அப்போது இல்லை. இப்போது வரும் கணக்குகளில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது. இதைப் படித்து ஒருவர் "பாதிக்குப் பாதி போய்விடுகிறார்களே" என்று சோர்ந்துபோவார், இன்னொருவர் "ஸ்டேஜ் நாலில் பாதியா!" என்று நிமிர்ந்து உட்காருவார். நான் இரண்டாவது கட்சி.

முதல் டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். அவர் சொன்னது ஒரு காலத்தில் பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். 1980களில் விதி இப்படி இருந்தது: மூன்று கட்டிக்கு மேல் இருந்தால் தொடாதே, கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல ஈரலோடு சேர்த்து எடுக்க முடியாவிட்டால் தொடாதே, ஈரலின் இரு பக்கமும் இருந்தால் யோசி. அந்த விதிப்படி உங்கள் அப்பா நான்காவது கட்டியாலேயே தள்ளுபடி. அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. 1970களில் பெரிய ஈரல் ஆபரேஷன் என்றால் ஐந்தில் ஒருவர் வரை மேஜையிலோ, வார்டிலோ இறந்தார்கள். இன்று நிறையச் செய்யும் மையங்களில் அது நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை. ஒரு சென்டிமீட்டர் விதியும் போய்விட்டது. ஒரு மில்லிமீட்டர் சுத்தமான விளிம்பு கிடைத்தாலே போதும் என்பது இப்போதைய நிலை.

முக்கியமாக, கேள்வியே மாறிவிட்டது. அன்றைக்கு எத்தனை கட்டி என்று எண்ணினார்கள். இன்றைக்கு, எல்லாவற்றையும் எடுத்தபின் எவ்வளவு ஈரல் மிஞ்சும், மிஞ்சுவது வேலை செய்யுமா என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள டெல்டா வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் வர ஒரு வாய்க்கால், வெளியேற ஒரு வடிகால். பக்கத்து வயலை விற்றாலும் என் வாய்க்காலும் வடிகாலும் சரியாக இருந்தால் என் பயிர் பிழைக்கும். ஈரலும் அப்படி எட்டு வயல். வெளியே பார்த்தால் வரப்பே தெரியாத ஒரே வழவழப்பான சதை. உள்ளே எட்டுத் தனித்தனிப் பாசனம். இதை 1957ல் முறையாக வரைந்து காட்டியவர் க்ளோட் குவினோ என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்கும் முன்னால் ஹனோயில் தோன் தத் துங் என்ற வியட்நாமிய சர்ஜன், இறந்தவர்களின் ஈரல்களைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே ஓடும் குழாய்களைப் பார்த்து எழுதியிருந்தார். இந்த வரைபடம் வந்ததால்தான் ரத்த வெள்ளம் இல்லாமல் ஈரலை வெட்ட முடிந்தது. அந்த எட்டு வயலில் ஒவ்வொன்றையும் செக்மென்ட் என்பார்கள். ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் போர்ட்டல் சிரையின் கிளை ஒன்று, தமனியின் கிளை ஒன்று, பித்தநீர் வெளியேறும் குழாய் ஒன்று, ரத்தம் வெளியேறும் சிரை ஒன்று. அடுத்தடுத்து இரண்டு செக்மென்ட்டாவது இந்த நான்கும் கெடாமல் மிஞ்ச வேண்டும். மொத்த அளவும் போதுமானதாக இருக்க வேண்டும். கெடாத ஈரலாக இருந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து மிஞ்சினாலே தாங்கும். மாதக்கணக்கில் கீமோ வாங்கிய ஈரலுக்கு முப்பதாவது வேண்டும். குடியாலோ மஞ்சள் காமாலைக் கிருமியாலோ சுருங்கிய ஈரல் என்றால் நாற்பது. இதை ஊகிப்பதில்லை, சி.டி. ஸ்கேனிலிருந்து கம்ப்யூட்டரில் கன அளவாகவே கணக்கிடுகிறார்கள்.

ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டு மனிதன் எப்படிப் பிழைக்கிறான்? ஈரல் வளரும். ஆனால் பலர் நினைப்பதுபோல, ஒடித்த முருங்கைக் கிளை அதே இடத்தில் துளிர்ப்பதுபோல அல்ல. எடுத்த பகுதி எடுத்ததுதான், அது திரும்ப முளைக்காது. மிஞ்சிய பகுதி பருத்துப் பருத்து அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய ஆரம்பிக்கும். முதல் இரண்டு வாரத்தில் வேகமாக, அப்புறம் மெதுவாக. மறுநாள், மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் சரசரவென்று இறங்கும். புதுச் செல்கள் அதை அள்ளி விழுங்குவது ஒரு காரணம் என்று சொல்வார்கள். எங்கள் ஐசியூவில் பாஸ்பேட் இறங்கினால் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு, 'சரி, வளர ஆரம்பித்துவிட்டது' என்று நினைத்துக்கொள்வோம்.

மிஞ்சுவது போதாது என்று கணக்கு வந்தால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். வலப்பக்கம் முழுவதும் எடுக்க வேண்டும், இடப்பக்கம் சின்னதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு நான்கைந்து வாரம் முன்பே, தோல் வழியாக ஊசி போட்டு, வலப்பக்கம் போகும் போர்ட்டல் சிரைக் கிளையை அடைத்துவிடுவார்கள். ஒரு மடையை அடைத்தால் தண்ணீரெல்லாம் மற்ற வாய்க்காலில் பாயும் அல்லவா, அதுபோலக் குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் பருக்கும். பருத்தபின் மறுபடி ஸ்கேன் எடுத்து அளந்துவிட்டு, வலப்பக்கத்தை எடுப்பார்கள். 1980களில் ஜப்பானில் மகூச்சி போன்றவர்கள் தொடங்கி வைத்தது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: அடைத்தும் பருக்காத ஈரல், வெட்டினாலும் பருக்காது. அது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இரு பக்கமும் நிறையக் கட்டி இருந்தால் இரண்டு தவணையாகச் செய்வதும் உண்டு. முதல் தடவை ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து, அதை வளரவிட்டு, சில வாரம் கழித்து மறுபக்கம். பாரிஸ் அருகே வில்ழுயிஃபில் உள்ள போல் ப்ரூஸ் மருத்துவமனையின் ரெனே அடாம் குழு 2000ல் இதை எழுதியது. சிலர் இரண்டு தவணைக்குள் நோய் முந்திக்கொண்டு இரண்டாவது ஆபரேஷனுக்கே வர மாட்டார்கள். அந்த இடைவெளியை ஒன்றிரண்டு வாரமாகக் குறைக்க, ஈரலைப் பாதியில் பிளந்து அப்படியே விட்டு, வளர்ந்ததும் எடுக்கும் ஒரு முறை ஜெர்மனியிலிருந்து 2012ல் பெரிய பரபரப்போடு வந்தது. ஆரம்ப அறிக்கைகளில் இறப்பு அதிகம். தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு, தேர்ந்த கைகளில் மட்டும்தான் அது என்பது என் எண்ணம்.

உங்கள் அப்பா விஷயத்தில் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காமலும் போகலாம். மூன்று கட்டி வலப்பக்கம் என்பதற்காக வலப்பக்கம் முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்றில்லை. ஓரத்தில் இருக்கும் கட்டியை அதைச் சுற்றிக் கொஞ்சம் ஈரலோடு கிண்ணம்போலத் தோண்டி எடுக்கலாம். இப்போது ஈரலைச் சிக்கனமாக எடுப்பதுதான் வழக்கம். காரணம் எளிது: இந்த நோய் திரும்பி வரும் பழக்கம் உள்ளது. மறுபடி வந்தால் மறுபடி வெட்ட ஈரல் கைவசம் இருக்க வேண்டும். ஆனால் கட்டி பெரிய சிரைகளின் கவட்டில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. இரண்டு சென்டிமீட்டர் கட்டி தப்பான இடத்தில் இருந்தால் ஆறு சென்டிமீட்டர் கட்டியைவிடக் கஷ்டம். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணையும் அளவையும் மட்டும் படித்து நீங்களோ நானோ முடிவு பண்ண முடியாது என்று சொல்வது இதனால்தான்.

கீமோவுக்கு வருவோம். கீமோவா ஆபரேஷனா என்று எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை, பெரும்பாலும் இரண்டும் வேண்டும். எது முன்னால் என்பதுதான் பேச்சு. குடல் கட்டி எடுத்துச் சில வருடம் கழித்து ஈரலில் ஒரே ஒரு சின்னக் கட்டி வந்தால் பலர் நேராக ஆபரேஷனுக்குப் போய்விடுவார்கள். குடலில் கண்டுபிடித்த அதே நேரத்தில் ஈரலிலும் நான்கு இருந்தால், முதலில் இரண்டு மூன்று மாதம் கீமோ கொடுத்து நோயின் குணத்தைப் பார்ப்பது வழக்கம். ஐரோப்பாவில் 364 பேரை வைத்து நடந்த சோதனையில், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதம் ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ கலவையைக் கொடுத்தபோது நோய் திரும்புவது தள்ளிப்போனது. ஆனால் நீண்ட காலக் கணக்கில் மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஜப்பானில் ஆபரேஷனுக்குப் பின் மட்டும் கீமோ கொடுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே கதைதான். ஆக, எடுக்க முடிந்த நோயில் கீமோ துணைக்கு வருவது. எடுப்பதன் இடத்தை அது பிடிக்காது.

முதலில் எடுக்கவே முடியாது என்று சொன்னவர்களுக்குத்தான் கீமோ பெரிய வேலை செய்தது. ரெனே அடாம் குழு 2004ல் வெளியிட்ட கணக்கு: ஆபரேஷனுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட 1,104 பேருக்குக் கீமோ கொடுத்ததில் 138 பேருக்குக் கட்டிகள் சுருங்கி ஆபரேஷன் செய்ய முடிந்தது. அவர்களில் மூன்றில் ஒருவர் ஐந்து வருடம் தாண்டினார். அதனால் "இப்போது முடியாது" என்று ஒருவர் சொன்னால், "மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால் கீமோ நன்றாக வேலை செய்கிறதே, இன்னும் நாலு சுற்று கொடுப்போம், இன்னும் நாலு என்று இழுப்பதில் இரண்டு ஆபத்து. ஒன்று, மருந்து ஈரலையும் கெடுக்கும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஈரலின் நுண்ணிய ரத்த வழிகளை அடைத்து அதை நீலம் பாரித்ததாக்கும். வயிற்றைத் திறந்ததும் நிறத்தைப் பார்த்தே எத்தனை சுற்று என்று ஊகித்த சர்ஜனோடு வேலை செய்திருக்கிறேன். இரினோடீகான் என்ற இன்னொன்று ஈரலில் கொழுப்பும் வீக்கமும் உண்டாக்கும். இரண்டாவது ஆபத்து வினோதமானது: கட்டி ஸ்கேனிலிருந்து மறைந்துவிடும். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், சர்ஜன் மட்டும் தலையில் கை வைத்துக்கொள்வார். மறைந்ததெல்லாம் செத்ததல்ல. 2006ல் பிரான்சில் இப்படி மறைந்த 66 இடங்களைத் தொடர்ந்து பார்த்ததில் 55 இடங்களில் உயிருள்ள நோய் இருந்தது அல்லது திரும்பி வந்தது. எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் எதைத் தோண்டுவது? ஆகவே கீமோ தொடங்கும் முன்பே ஒரு நல்ல எம்.ஆர்.ஐ., ஈரல் செல்கள் உறிஞ்சும் தனி மருந்து ஏற்றி எடுப்பது, கையில் இருக்க வேண்டும். பெவாசிசுமாப் என்ற மருந்து கொடுத்திருந்தால் புண் ஆறாது, ரத்தம் கசியும். கடைசி டோசுக்கும் ஆபரேஷனுக்கும் ஆறு வாரமாவது இடைவெளி விடுவார்கள்.

இதோடு ஒன்று: வீட்டில் யாராவது ஈரலுக்கு நல்லது என்று கீழாநெல்லி, சீந்தில் பொடி கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சீந்திலால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். கீமோ நடக்கும்போது ஈரல் கணக்கு ஏறினால் எதனால் என்று தெரியாமல் எல்லோரும் குழம்புவோம்.

இப்போது "கத்தி பட்டால் பரவும்" விஷயம். பெரியவர்கள் இதை வெறுமனே சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து அனுப்பியவர்கள் சில வாரத்தில் இறந்ததைப் பார்த்திருப்பார்கள். ஏற்கெனவே எங்கும் பரவியிருந்தது ஸ்கேன் இல்லாததால் தெரியவில்லை. பழி கத்தி மேல் விழுந்தது. முழுசாக எடுத்தால் கத்தியால் நோய் பரவாது. ஒரு சின்ன நியாயம் மட்டும் அந்தப் பேச்சில் உண்டு, அது கத்திக்கு அல்ல, ஊசிக்கு. எடுக்கக்கூடிய ஈரல் கட்டியில் "எதற்கும் பயாப்ஸி பார்ப்போம்" என்று வெளியிலிருந்து ஊசி குத்தினால், ஊசி போன பாதையில் செல்கள் விதைக்கப்பட வாய்ப்பு உண்டு. குடலில் நோய் உறுதியாகி, ஸ்கேனில் தெளிவாக அதே சாயலில் இருந்தால் பெரும்பாலும் ஊசி தேவையில்லை. ஈரல் சர்ஜனைக் கேட்காமல் குத்த விடாதீர்கள்.

ஆபரேஷன் அன்று என்ன நடக்கும் என்று யாரும் வீட்டாருக்குச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். என் இடமும் அதுதான்.

நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் ஈரலுக்குள் பாய்கிறது, முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக. அதை வெட்டுவது நிறைந்த பஞ்சை வெட்டுவதுபோல. உள்ளே வரும் வழியைத் தற்காலிகமாக மூட ஒரு முறை உண்டு: குழாய்கள் ஈரலுக்குள் நுழையும் கொடியைச் சுற்றி நாடா போட்டு இறுக்குவது. 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் விட்டு, மறுபடி. கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்பவர் 1908ல் எழுதியது. அவர் ஆபரேஷன் செய்த நோயாளிகள் பிழைக்கவில்லை, முறை பிழைத்துக்கொண்டது. ஆனால் உள்ளே வரும் வழியை மூடினாலும், வெளியே போகும் சிரைகள் திறந்தே இருக்கும். அவை இதயத்துக்கு மிக அருகில் பெரிய சிரையில் சேர்கின்றன. அங்கே அழுத்தம் கூடினால் ரத்தம் எதிர்த்து வந்து வெட்டுப்பரப்பெல்லாம் கசியும். அந்த அழுத்தத்தைக் குறைத்து வைப்பது மயக்க மருந்து டாக்டரின் வேலை. சாதாரண ஆபரேஷனில் நாங்கள் தாராளமாக குளுக்கோஸ், சலைன் ஓட விடுவோம். ஈரல் வெட்டி முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நோயாளியை வறட்சியாக வைத்திருப்போம். சிரை அழுத்தம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே. சிறுநீர் குறையும், ரத்த அழுத்தம் ஊசலாடும், கிழிந்த சிரைக்குள் காற்று உறிஞ்சப்படும் ஆபத்து உண்டு. ஒரு கண் மானிட்டரில், ஒரு கண் திரைக்கு அந்தப் பக்கம் ரத்தம் சேரும் வாளியில். வெட்டி முடிந்தது என்று சர்ஜன் சொன்னதும்தான் தண்ணீர் திறப்போம். என் ஆரம்ப காலத்தில் இத்தகைய ஆபரேஷனுக்கு எட்டுப் பத்துப் பாட்டில் ரத்தம் தயார் வைத்திருப்போம். பிற்காலத்தில் பல நாள் ஒன்றுகூட ஏற்றாமலே முடிந்தது.

சர்ஜன் பக்கம், முதலில் ஈரல் மேலேயே அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். ஸ்கேனில் தெரியாத ஐந்தாவது கட்டி சில நேரம் அப்போது தெரியும். திட்டம் மேஜையிலேயே மாறும். "நாலு என்றுதானே சொன்னீர்கள்" என்று அப்புறம் சண்டை போடாதீர்கள். ஈரல் சதையை அதிர்வால் கரைத்து உறிஞ்சும் கருவி ஒன்று உண்டு. சதை போய்க் குழாய்கள் மட்டும் நூல்நூலாக நிற்கும், ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டுவார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை, நான்கைந்து மணி நேரம் சாதாரணம். சின்ன அளவில் எடுப்பதை லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள். ஓஸ்லோவில் 280 பேரை வைத்துப் பார்த்ததில் திறந்து செய்தபோது 31 சதவீதம் இருந்த சிக்கல்கள் இதில் 19 சதவீதம், ஆயுளில் குறைவில்லை. ஆனால் அந்த ஊர் சர்ஜன்களுக்கு அதில் நல்ல பழக்கம். உங்கள் சர்ஜனுக்கு எது கைவந்ததோ அதைச் செய்யச் சொல்லுங்கள்.

பின்னால் வரும் தொல்லைகளில் முக்கியமானது பித்தநீர்க் கசிவு. வெட்டிய பரப்பில் ஒரு சின்னக் குழாய் ஒழுகும். வயிற்றில் விட்ட டியூபில் பச்சை மஞ்சளாக வரும். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் தானே நிற்கும். சீழ் கட்டுவது, காய்ச்சல், வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது எல்லாம் உண்டு. உண்மையில் பயப்பட வேண்டியது மிஞ்சிய ஈரல் வேலையை இழுக்க முடியாமல் திணறுவது. மஞ்சள் ஏறிக்கொண்டே போகும், ரத்தம் உறையாது, ஆள் குழம்பிப் பேசுவார். அதற்கு நல்ல மருந்து இல்லை, அதனால்தான் முன்கூட்டியே அவ்வளவு கணக்கு. சாதாரணமாக ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்.

வெட்டாமல் சுடுவதும் ஒரு வழி. ஊசியை நுழைத்து மைக்ரோவேவ் சூட்டால் கட்டியைப் பொசுக்குவது. 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் இது வெட்டுவதற்குச் சளைத்ததல்ல, சிக்கலும் குறைவு என்று நெதர்லாந்துக்காரர்கள் முன்னின்று நடத்திய 'கொலிஷன்' சோதனை 2025ல் காட்டியது. உங்கள் அப்பாவின் சின்னக் கட்டிகளைச் சுட்டு, பெரியதை வெட்டி எடுக்கும் கலவையும் ஒருவர் சொல்லக்கூடும். தவறில்லை.

எல்லாம் ஈரலில் மட்டும், ஆனால் எடுக்கவே முடியாத அளவு என்றால், மாற்று ஈரல் பொருத்துவது என்ற கதவும் இப்போது திறந்திருக்கிறது. ஓஸ்லோவில் தொடங்கியது, 2024ல் 'ட்ரான்ஸ்மெட்' சோதனையில் 94 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில் ஐந்து வருட ஆயுள் மாற்று ஈரல் பக்கம் 56.6 சதவீதம், கீமோ மட்டும் வாங்கியவர்களில் 12.6. ஆனால் மிகவும் பொறுக்கி எடுத்த ஆட்கள்: 65 வயதுக்குள், கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டு, ஈரல் தவிர வேறெங்கும் ஒன்றும் இல்லாமல், பிராஃப் என்ற மரபணு மாற்றம் இல்லாமல். உங்கள் அப்பாவுக்கு இன்று இது பேச்சே அல்ல. யாராவது எடுத்த எடுப்பில் இதைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எப்போது ஆபரேஷன் வேண்டாம்? வயிற்று உறை எங்கும் தெளித்தாற்போல நோய் இருந்தால், கீமோ நடக்கும்போதே புதுக் கட்டிகள் வந்துகொண்டிருந்தால், இதயமோ நுரையீரலோ மயக்கத்தைத் தாங்காது என்றால். கட்டியின் மரபணுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்: ராஸ், பிராஃப், அப்புறம் எம்.எஸ்.ஐ. கடைசியானது பாசிட்டிவ் என்றால், அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான், நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகள் அற்புதமாகக் கேட்கும், வழியே மாறிவிடும்.

ஒன்றை மட்டும் பூசி மெழுக மாட்டேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் எங்காவது திரும்புகிறது, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சி.இ.ஏ. என்ற, குடல் புற்றுநோய் ரத்தத்தில் விடும் அடையாளப் பொருளை அளக்கும் பரிசோதனை, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன். திரும்பினாலும் ஈரலிலோ நுரையீரலிலோ ஒன்றிரண்டாக இருந்தால் மறுபடி எடுக்கலாம். ஒரே ஆளுக்கு மூன்று தடவை மயக்கம் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது தடவை அவர் என் கையைப் பிடித்து, "சார், போன தடவை தொண்டை ரொம்ப வலிச்சுது, டியூபை மெதுவாப் போடுங்க" என்றார். ஈரலைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. ஸ்கேன் ரிப்போர்ட் காகிதமும் பிலிமும் போதாது. படங்கள் முழுவதும் அடங்கிய குறுந்தகட்டை ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். குடல் ஆபரேஷனின் பயாப்ஸி ரிப்போர்ட், சி.இ.ஏ. அளவு, இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஈரல் ஆபரேஷனும் கேன்சர் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருந்து, இரு தரப்பும் வாரம் ஒரு முறை உட்கார்ந்து கேஸ்களைப் பேசும் மருத்துவமனைக்குப் போங்கள். வருடத்துக்கு எத்தனை ஈரல் ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சர்ஜன் அதற்குக் கோபப்பட மாட்டார். குடல் ஆபரேஷன் புண் ஆறி, கீமோ தொடங்க இன்னும் ஓரிரு வாரம் இருக்கும். அந்த இடைவெளிக்குள் போய்விடுங்கள். ஆறு சுற்று முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.